தலைவரின் கடைசிப் பூச்சு

மதுரங்குளிச் சந்தியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஹில்மி ஹாஜியார் தான் ஒரு கலைஞர் என்று நம்பத் தொடங்கிப் பதினொரு வருடங்கள் ஆகின்றன. அதற்கு ஆதாரம் கேட்டால், விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் பெயின்ட் விசிறும் கொம்பிரசரைக் காட்டுவார். கடையின் மேல்மாடியில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு நீள மேசையும் எட்டுக் கதிரைகளும் போட்டு, 'புத்தளம் கரையோர மொடல் கலைஞர் கழகம்' என்று போர்ட் எழுதி மாட்டி, தானே தலைவராகவும் உட்கார்ந்துகொண்டார். தேர்தல் நடந்ததா என்று கேட்டால், ஏகமனதாக நடந்தது என்பார். அன்று மாடியில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கழகம் கூடும். பெரிய சாமான்களை அளவு பிசகாமல் சின்னதாக்கிச் செய்வதுதான் இவர்களுடைய கலை. அப்படி என்னத்தைச் செய்கிறார்கள்? கடலுக்குப் போகும் வள்ளமா, பாலாவியில் உப்பு ஏற்றும் லொறியா? அதெல்லாம் இவர்கள் கண்ணில் படாது. பெட்டியில் அடைத்து வரும் ஜேர்மன் யுத்த டாங்கிகளை ஒட்டி, பெயின்ட் அடித்து, அலுமாரியில் அடுக்குவார்கள். ஐந்து ஆண்கள், பதினெட்டு டாங்கிகள். அவற்றில் ஒன்றையாவது நிஜத்தில் கண்டவர் அந்த மாடியில் இல்லை. ஆனால் எந்த வருடத்து டாங்கிக்கு எந்தப் பச்சை என்பதில் சண்டை பிடித்து, இரண்டு அங்கத்தவர்கள் ஏழு மாதம் முகம் பார்த்துப் பேசவில்லை.

ஆறாவது ஆளாக வந்தவள் ஹஃபீலா. பாலாவியில் பல் லெப் ஒன்றில் பொய்ப்பல் செட் கட்டுகிறவள். முப்பத்தாறு வயது. மெழுகிலும் அக்ரிலிக்கிலும் அரை மில்லிமீற்றர் பிசகினால் ஒரு மனுஷன் சோறு தின்ன முடியாது என்பதை அறிந்து வேலை செய்கிற கை. தேய்ப்பதற்கு மண்காகிதம் வாங்க ஹில்மியின் கடைக்கு வந்த நாளில் போர்ட்டைக் கண்டு, ஆசைப்பட்டு மாடி ஏறினாள். அவளுடைய கையைப் பார்த்த கழகம் அன்றே கூடி ஆலோசித்து, அவளை உபசரிப்புச் செயலாளர் ஆக்கியது. தேத்தண்ணி ஊற்றுவதற்கு அவ்வளவு பெரிய பெயர் இருப்பதை ஹஃபீலா அன்றைக்குத்தான் அறிந்துகொண்டாள்.

செயலாளர் நிக்கொலஸ் சேர் பென்ஷன் எடுத்த கணித வாத்தியார். சட்டைப் பையில் பேனை இருக்கிறதோ இல்லையோ, வேணியர் இடுக்குமானி இருக்கும். அடுத்தவன் செய்ததை அளந்து குறை கண்டுபிடிப்பதில் அவருக்கு இருக்கும் சுகம் சோறு தண்ணியில்கூட இல்லை. ஒரு தடவை அவரே உப்பளம் ஒன்று செய்து கொண்டுவந்தார். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. வாய்க்கால், வரம்பு, குவியல் எல்லாம் கச்சிதம். குவியலில் போட்டிருந்தது அசல் புத்தளம் கல்லுப்பு.

"சேர், உங்கட அளவுல பாத்தா இந்த ஒரு கல்லு தேங்கா அளவுக்கு வருமே?" என்று கேட்டாள் ஹஃபீலா.

"அசல் எண்டா அசல்தான் பிள்ளை. அசலில பிழை கண்டுபிடிக்கக் கூடாது" என்றார் அவர். அந்த வருட மாரியில் அசல் உப்பு அசலாகவே கரைந்து, மேசை வழியாக ஓடி, கூட்டறிக்கைப் புத்தகத்தை நனைத்தது. அதற்கும் அவர் கூட்டறிக்கை எழுதினார்.

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு ஹஃபீலா பதினான்கு மாதமாக ஒரு பஸ் செய்தாள். கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு ஓடும் தனியார் பஸ், இருபத்துநாலில் ஒரு பங்கு, ஒரு முழ நீளம். அந்த பஸ்ஸில்தான் அவள் தினமும் வேலைக்குப் போய் வருகிறாள். பெட்டியில் வந்த ஒரு துண்டுகூட அதில் கிடையாது. தகரம், பிளாஸ்டிக், லெப்பில் மிஞ்சிய அக்ரிலிக். மேலே கூரையில் கருவாட்டுக் கூடைகள், முன்னால் மூன்று மொழியிலும் ஊர்ப்பெயர்ப் பலகை, உள்ளே ஆட்கள். கழகத்தார் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பஸ் எல்லாம் ஒரு மொடலா என்றார்கள். பின்பக்க பம்பரை நிக்கொலஸ் சேர் அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லக் கிடைக்காமல் இடுக்குமானியைப் பைக்குள் போட்டார். உள்ளே குனிந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இனி அந்த வழக்கத்தைச் சொல்லவேண்டும். மொடல் செய்து முடிந்ததும் மினுக்கம் அடங்குவதற்காக மேலே ஒரு மங்கல் வார்னிஷ் அடிப்பார்கள். ஒரு காலத்தில் கொம்பிரசர் ஹில்மியிடம் மட்டும் இருந்தது. அதனால் எல்லாருடைய மொடலுக்கும் அவர்தான் அடித்துக் கொடுத்தார். பிறகு அதுவே சட்டமாகிவிட்டது. தலைவர் கையால் கடைசிப் பூச்சு விழாத எதுவும் கண்காட்சி மேசைக்கு ஏறக் கூடாது. பெயர் அட்டையில் 'செய்தவர்' என்று சின்ன எழுத்திலும், 'நிறைவு செய்தவர்: அல்ஹாஜ் ஹில்மி' என்று பெரிய எழுத்திலும் போடவேண்டும். வருகிறவர்கள் பெரிய எழுத்தைத்தானே வாசிப்பார்கள்? எல்லாவற்றையும் ஹாஜியார்தான் செய்தார் என்று ஊர் நம்பியது. அவரும் ஊரைத் திருத்தப் போகவில்லை.

முந்தியெல்லாம் ஹஃபீலா இதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறாள். இந்த முறை அப்படி விட முடியாது. கொழும்பில் கட்டட மொடல் செய்யும் கம்பனி ஒன்று ஆள் தேடியது. ஹோட்டல், வீட்டுத் தொகுதி என்று கட்டுவதற்கு முன்னால் சின்னதாகச் செய்து காட்டும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். மாதச் சம்பளம். அதற்கு ஆள் பார்க்க ஷானிகா என்ற பெண் அதிகாரி இந்த வருடக் கண்காட்சிக்கு வருவதாகக் கழகத்துக்குக் கடிதம் போட்டிருந்தாள். கடிதத்தை வாசித்த அன்று ஹஃபீலாவுக்கு நித்திரை வரவில்லை. பதினாறு வருடமாக அடுத்தவர் வாய்க்குள் மறைந்துபோகிற வேலையையே செய்தவள் அவள். ஒரே ஒரு வேலையாவது தன் பெயரோடு வெளியில் தெரியவேண்டும் என்று அவள் மனம் கிடந்து துடித்தது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருக்க, கழகம் கூடியது. கார்த்திகை மழை விடிந்ததிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தது. மாடிச் சுவரெல்லாம் வியர்த்து வழிந்தது. ஹாஜியார் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தார்.

ஹஃபீலா குறுக்கே வந்து நின்றாள். "ஹாஜியார், இண்டைக்கு வேணாம். இந்த ஈரத்துல அடிச்சா வார்னிஷ் வெள்ள பூக்கும். லெப்ல அக்ரிலிக்கும் இப்புடித்தான், மழ நாளையில வெளுக்கும். நாளைக்கு வெயில் வந்தா அடிப்பம்."

"பதினொரு வருஷமா அடிக்கிற கை புள்ள இது" என்றார் ஹாஜியார். "மழைக்கும் வெயிலுக்கும் பயந்த கை இல்ல."

"கழக யாப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவின்படி, கண்காட்சிக்கு நாற்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முன் பூச்சு நிறைவடைதல் வேண்டும்" என்று நிக்கொலஸ் சேர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார்.

கற்பிட்டிக் கடற்கரையில் வள்ள எஞ்சின் திருத்தும் கில்பட், நல்ல மனுஷன், ஆனால் முதுகெலும்பு இல்லாதவன். "ஹாஜியார் சொல்றதும் சரி. தங்கச்சி சொல்றதும் சரி" என்று இரண்டு பக்கமும் தலையாட்டினான். அவனுக்கு எப்போதும் எல்லாரும் சரி.

"அப்ப கண்ணாடிக்காவது படாம அடிங்க" என்று ஹஃபீலா கெஞ்சினாள். "நான் ஜன்னல் எல்லாத்துக்கும் டேப் ஒட்டித்தான் கொண்டுவந்திரிக்கேன். உள்ளுக்கு ஆக்கள் இரிக்கி. கண்ணாடி மங்கினா ஒண்டும் விளங்காது."

ஹாஜியார் அந்த டேப்பைப் பார்த்தார். தன் பூச்சுக்கு யாரோ வேலி போட்டதைப் போல அவருக்கு ரோசம் வந்துவிட்டது. முப்பது ஜன்னலுக்கும் ஒட்டியிருந்த டேப்பை ஒவ்வொன்றாக உரித்துக் கீழே போட்டார். "கழகத்துப் பூச்சு எண்டா எல்லா இடத்துலயும் படணும். அரகுறயாச் செஞ்சி எனக்குப் பழக்கமில்ல" என்றார். பிறகு பிஸ்மி சொல்லி விசையை அழுத்தினார்.

ஐந்து நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. ஹாஜியார் ஹஃபீலாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பத்தாவது நிமிடம் கூரையில் வெளுப்பு எழும்பியது. அது அப்படியே இறங்கி, பக்கத் தகட்டுக்கு வந்து, ஜன்னல்களை மூடியது. கால் மணித்தியாலத்தில் பஸ் முழுவதும் அரிசி மாவில் புரட்டி எடுத்ததுபோல் ஆகிவிட்டது. சிவப்பு போய், நீலம் போய், பெயர்ப்பலகையும் மங்கிப்போய், கண்ணாடிக்கு உள்ளே இருந்த ஆட்கள் ஒருவர்கூடத் தெரியவில்லை.

ஹஃபீலாவுக்கு அழுகை வந்தது. இந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழுதால் அதையும் கூட்டறிக்கையில் எழுதுவார்கள் என்று விழுங்கிக்கொண்டாள்.

ஒரு மன்னிப்பு? அதைத்தான் காணோம். அவசரக் கூட்டம் நடந்தது. வார்னிஷ் டின் பழசு என்றார் ஒருவர். தகரம் கூடாத தகரம் என்றார் இன்னொருவர். நிக்கொலஸ் சேர் பூச்சின் தடிப்பை அளந்து, தடிப்பில் குறை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியில் ஹாஜியார் கண்களை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, திறந்தார்.

"இது வெளுப்பு இல்ல" என்றார். "இது பனி."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

"நுவரெலியாப் பனி. விடியக்காலம, மலையில, பஸ் வருது. என்ன ஒரு காட்சி! பலகையில இரிக்கிற ஊர்ப்பேர மட்டும் மாத்தினாச் சரி."

இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள், பனி என்றால் பிரிட்ஜுக்குள் இருப்பது என்று அறிந்தவர்கள், ஒருவராவது சிரிக்கவேண்டுமே! இல்லை. அருமை என்றார்கள். வாக்கெடுப்பு நடந்தது. நான்கு பேர் கையை உயர்த்தினார்கள். கில்பட் கையைப் பாதி உயர்த்தினான். ஒற்றை மயிர்த் தூரிகையால் ஹஃபீலா மூன்று மொழியில் எழுதிய 'கற்பிட்டி - புத்தளம்' என்ற பலகையின் மேல், கொம்பியூட்டரில் அடித்த 'நுவரெலியா' கடதாசியை நிக்கொலஸ் சேர் அளந்து ஒட்டினார்.

"நான் பஸ்ஸ எடுத்துட்டுப் போறேன்" என்றாள் ஹஃபீலா.

"எடுத்தா மேசையில இடமில்ல புள்ள. அந்தக் கொழும்பு மிஸ்ஸுக்குக் காட்ட ஒண்டும் இரிக்காது. யோசிச்சிக்கோ" என்று ஹாஜியார் பஸ்ஸை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை ஜுப்பாப் பைக்குள் போட்டார். அது உண்மை என்பதால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. படி இறங்கினாள்.

பஸ்ஸோடு சேர்த்து அவர் வார்னிஷ் அடித்த உதிரிக் கதவு ஒன்று அவள் கையில் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அதைக் குசினி வெளிச்சத்தில் வைத்து, தண்ணீரால் துடைத்தாள், பல் தேய்க்கும் பசையால் தேய்த்தாள். ஒன்றுக்கும் அசையவில்லை. பணியாரம் சுட வைத்திருந்த தேங்காயெண்ணெயில் ஒரு பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, கோபத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தாள். வெளுப்பு மறைந்தது. அடியில் இருந்த சிவப்பு சிவப்பாகவே வந்தது. கண்ணாடி கண்ணாடியானது. பதினொரு வருடக் கையின் கலைக்கு மருந்து ஒரு துளி எண்ணெய் என்று கண்டபோது, அன்றைக்கு முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு சின்னப் போத்தலில் எண்ணெயை ஊற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கண்காட்சி பாலாவியில் ஒரு கல்யாண மண்டபத்தில். மழை விட்டு நல்ல வெயில். பஸ்ஸை நேரத்தோடு தன் கையில் எடுக்கலாம் என்று ஹஃபீலா விடிய ஏழு மணிக்கே போய் நின்றாள். ஆனால் ஹாஜியார் வரும்போது கண்காட்சி தொடங்கவேண்டிய நேரமும் தாண்டியிருந்தது. பஸ்ஸை அவரே தூக்கிக்கொண்டு வந்து, மேசை நடுவில் வைத்து, பக்கத்தில் காவலுக்கு நிற்பவர் போல் நின்றுகொண்டார். அவருக்குப் பின்னாலேயே ஷானிகாவும் வந்துவிட்டாள்.

ஷானிகா சிலாபத்துப் பிள்ளை, கொழும்பில் வேலை. இருபத்தெட்டு வயது இருக்கும். கழுத்தில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. பதினெட்டு டாங்கிகளையும் அவள் கடந்த வேகத்தைப் பார்த்து ஹஃபீலாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

"இது நம்மட விசேஷம் மிஸ்" என்று ஹாஜியார் நெஞ்சை நிமிர்த்தினார். "நுவரெலியா மூடுபனி. நிறைவு செஞ்சது நான்தான். இந்தப் பனி எடுக்கிற வேலை இலங்கையில வேற ஒருத்தருக்கும் வராது."

ஷானிகா கூரையைப் பார்த்தாள். "நுவரெலியா பஸ்ல இவ்வளவு கருவாட்டுக் கூடையா ஐயா?"

"அங்க உள்ளவங்களும் கருவாடு தின்றதானே மிஸ்" என்றார் ஹாஜியார், கொஞ்சமும் கூசாமல்.

ஷானிகா சிரித்தாள். அது பாராட்டுச் சிரிப்பு அல்ல, நேரத்தைப் பார்க்கிற சிரிப்பு. பெயர் அட்டையின் பெரிய எழுத்தை ஒரு தடவை வாசித்தாள். பிறகு கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, அடுத்த மேசைக்குத் திரும்பினாள். அடுத்த மேசையில் ஒன்றும் இல்லை. அதற்கு அப்பால் வாசல்தான்.

ஹஃபீலா வாசலைப் பார்த்தாள். இந்தப் பெண் அந்த வாசலைத் தாண்டினால் எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை திரும்பவும் லெப், திரும்பவும் யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல், வெள்ளிக்கிழமை இவர்களுக்குத் தேத்தண்ணி. அவள் மேசைக்கு முன்னால் வந்தாள். போத்தலைத் திறந்தாள். பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, நடு ஜன்னலில் வைத்துத் தேய்த்தாள்.

"ஏய், ஏய்! என்னத்தச் செய்ற?" என்று ஹாஜியார் பதறினார். "கழகத்துப் பூச்ச அழிக்கிறா!"

"காட்சிப்பொருளைத் தொட்டால் தகுதியிழப்பு! பிரிவு பதினொன்று!" என்று நிக்கொலஸ் சேர் பேனை தேடினார்.

ஹஃபீலா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஜன்னல் தெளிந்தது. அடுத்ததைத் தேய்த்தாள். அதுவும் தெளிந்தது. குச்சி பிசகவில்லை. ஹாஜியார் அவள் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தார். அந்நியப் பெண்ணின் கையைத் தொடுவது எப்படி என்று பாதியில் நின்றுவிட்டார். அந்த நேரத்துக்குள் மூன்றாவது ஜன்னலும் தெளிந்தது.

சத்தத்தைக் கேட்டு ஷானிகா திரும்பி வந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, டோர்ச்சை அடித்து, ஜன்னலோடு முகத்தை வைத்துக் குனிந்தாள். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது.

"நடுச் சீட்ல ஒரு வயசாளி நித்திர கொள்றார்" என்றாள் குனிந்தபடியே. "வாய் திறந்திருக்கு. பல் ஒண்டும் இல்ல. வெறும் பல்முரசு."

ஹஃபீலா பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தாள்.

"பக்கத்தில அவர்ட மனுசி. மடியில லேஞ்சி விரிச்சு... அது என்ன அக்கா? பல் செட்டா?"

"ஓம்" என்றாள் ஹஃபீலா. "பஸ் குலுக்கத்துல விழுந்திடும் எண்டு மனுஷி கழட்டி வாங்கி வெச்சிக்கிறா. நான் காலைல போற பஸ்ல தினமும் காண்றேன். அந்த செட்டும் நான் கட்டினதுதான்."

ஷானிகா நிமிர்ந்தாள். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. "இது எல்லாம் நீங்களா செஞ்சீங்க?"

"பூச்சத் தவிர எல்லாம்."

"மிஸ், நிறைவு..." என்று ஹாஜியார் தொடங்கினார்.

"ஓம் ஐயா. பூச்சு உங்கடதுதான் எண்டு நல்லாவே விளங்குது" என்றாள் ஷானிகா, அவர் பக்கம் திரும்பாமலே. தொலைபேசியைக் கையில் எடுத்தாள். "அக்கா, உங்கட நம்பரச் சொல்லுங்க. கழகத்து நம்பர் வேணாம். உங்கட நம்பர்."

பின்னால் நிக்கொலஸ் சேர் தகுதியிழப்பைக் கூட்டறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தார். தான் ஆரம்பத்திலேயே தங்கச்சி பக்கம்தான் என்று கில்பட் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தான். ஹஃபீலாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பதினான்கு மாதத்தில் ஒருவர் உள்ளே குனிந்து பார்த்திருக்கிறார். அவள் வாயைத் திறந்து நம்பரைச் சொன்னாள். ஷானிகா அதை அழுத்தி அழைத்துப் பார்த்தாள். தொலைபேசிக்குள் எங்கேயோ யாரோ ஒரு ஆண் குரல் ஹலோ என்றது.

ஹஃபீலா முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு இடையால் கண்ணீர் வந்தது, சிரிப்பும் வந்தது.

"பொறுங்க மிஸ்" என்றாள். "பிழையாச் சொல்லிட்டேன். என்ட நம்பர ஒருத்தரும் கேட்டதில்ல. திரும்பச் சொல்றேன்."